சுள்ளி பொறுக்கிய விருந்தாளி

பொதுக்காலம் 26-ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை
(ஆமோஸ் 6:1, 4-7; 1 திமொத்தேயு 6:11-16; லூக்கா 16:19-31)



செப்டம்பர் 27 என்றதும் நம் நினைவுக்கு வருபவர் புனித வின்சென்ட் தே பவுல். ஏழைகளுக்காகவே வாழ்ந்த அவரது திருநாள் அது. அதே நாளை 1980-ஆம் ஆண்டிலிருந்து உலகச் சுற்றுலா நாள் என்றும் கொண்டாடுகிறார்கள். சுற்றுலாவுக்கான பன்னாட்டு அமைப்பின் விதிமுறைகள் 1970-இல் அந்த நாளில் ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான் காரணம். வின்சென்ட் அடிகளாரை யாரும் மனதில் வைத்திருக்கமாட்டார்கள். ஆனால் நாள்காட்டி சில நேரங்களில் நமக்காக வேலை செய்கிறது. சுற்றுலாப் பயணியையும் ஏழைகளின் தோழரையும் ஒரே தேதியில் அது உட்கார வைத்துவிட்டது. திருப்பீடமும் இந்த நாளுக்கென ஆண்டுதோறும் செய்தி வெளியிட்டு வருகிறது. எனவே இந்த ஞாயிறு வாசகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, சுற்றுலாவை நம்பியே வாழும் சிறு தீவுகளைச் சற்று எட்டிப் பார்த்துவரலாம்.

முதல் வாசகத்தில் இறைவாக்கினர் ஆமோஸ் ஒரு பட்டியல் போடுகிறார். தந்தம் இழைத்த கட்டில், பஞ்சணையில் சாய்ந்து கிடத்தல், கொழுத்த ஆட்டுக்குட்டி, வீணை இசை, கிண்ணம் கிண்ணமாய்த் திராட்சை மது, உடம்பில் பூச உயர்தர நறுமணத் தைலம். இன்றைய கடற்கரை சொகுசு விடுதி ஒன்றின் விளம்பரத்தாளை எடுத்துப் பாருங்கள். பட்டியல் அதிகம் மாறவில்லை! ஆமோசின் கோபம் கட்டில்மேல் இல்லை, தைலத்தின்மேலும் இல்லை. இத்தனையையும் அனுபவித்துக்கொண்டிருக்கும்போது தங்கள் சொந்த மக்கள் அழிந்துகொண்டிருப்பதைப் பற்றி இவர்களுக்குக் கவலையே இல்லையே என்பதில்தான் அவருடைய கோபம்.

நற்செய்தியில் வரும் செல்வரும் இப்படித்தான். அவர் லாசரை அடித்துத் துரத்தவில்லை. காவலாளியைக் கூப்பிட்டு, 'இவனை அப்புறப்படுத்து' என்று சொன்னதாகவும் இயேசு கூறவில்லை. அவர் பாட்டுக்கு விருந்துண்டார். லாசர் பாட்டுக்கு வாயிலருகே கிடந்தார். நடுவில் ஒரு வாயில் இருந்தது. அந்த வாயிலை மனதில் வைத்துக்கொள்வோம்.

பிலிப்பீன்ஸ் நாட்டில் பொராக்காய் என்றொரு தீவு. மொத்தப் பரப்பே ஏறக்குறைய பத்து சதுர கிலோமீட்டர்தான். சலித்த மாவைப் போன்ற வெண்மணல், நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு. அந்த மணலைத் தேடி 2017-ஆம் ஆண்டில் சுமார் இருபது இலட்சம் பேர் வந்து போனார்கள். இருபது இலட்சம் பேர் வந்தால் இருபது இலட்சம் பேர் குளிப்பார்கள், கழிப்பறைக்குப் போவார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போனது? விடுதிகள் பல, சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல், குழாய் வழியே நேரே கடலுக்கு விட்டுக்கொண்டிருந்தன. கரையோரம் பச்சைப் பாசி படர்ந்தது. 2018 பிப்ரவரியில் அந்நாட்டு அரசுத்தலைவர், தீவு ஒரு மலக்குழியாகிவிட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஏப்ரல் 26 அன்று தீவைச் சுற்றுலாவுக்கு ஆறு மாதம் மூடிவிட்டார்.

மூடியது சரிதான் என்று நமக்குத் தோன்றும். ஆனால் பணம் கட்டிப் பதிவு செய்திருந்த பயணி வேறொரு தீவுக்குப் போய்விட்டார். பெரிய விடுதிக்கு வேறு ஊர்களிலும் கிளைகள் இருந்தன. படகோட்டிக்கும், சமையற்கட்டில் பாத்திரம் துலக்கியவருக்கும், கடற்கரையில் உடம்பு பிடித்துவிட்டுக் கூலி வாங்கிய பெண்ணுக்கும் என்ன இருந்தது? குழாயைக் கடலுக்குள் திருப்பியவர்கள் அவர்கள் இல்லையே. தீவைக் காப்பாற்றுவது நல்ல காரியம். அந்த நல்ல காரியத்துக்கும் முதலில் விலை கொடுத்தவர்கள் வாயிலுக்கு வெளியே நின்றவர்கள்தான்.

அக்டோபர் 26-இல் தீவைத் திறந்தபோது ஒரு கணக்கோடு திறந்தார்கள். ஒரே நேரத்தில் தீவில் 19,215 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு நாளில் 6,405 பேருக்கு மேல் வந்து இறங்கக்கூடாது. இந்த எண்களைக் கேட்டால் சிரிப்புக்கூட வரலாம். கூடுதலாக ஐந்து பேர் இறங்கினால் தீவு மூழ்கிவிடுமா? மூழ்காது. ஆனால் தீவுக்கும் கொள்ளளவு என்று ஒன்று உண்டு, அதை உட்கார்ந்து கணக்கிட வேண்டும் என்று ஒருவர் நினைத்தாரே, அது பெரிய காரியம். நம் ஊர்த் திருவிழாக்களுக்கு யாராவது இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறோமா?

பொராக்காய் தீவுக்கு லாசரும் உண்டு. ஆத்தி எனப்படும் பழங்குடி மக்களே அந்தத் தீவின் முதல் குடிகள். மணலுக்கு விலை ஏற ஏற அவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 2011-ஆம் ஆண்டில் இரண்டு எக்டேருக்குச் சற்று அதிகமான நிலத்துக்கு மூதாதையர் உரிமைப் பட்டா அவர்களுக்குக் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்காகப் பேசிவந்த இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018 நவம்பரில் தீவைத் திறந்த கையோடு அரசுத்தலைவரே வேறு சில நிலப் பட்டாக்களை அவர்களுக்கு வழங்கினார். வேளாண்மைக்கு ஏற்ற நிலம் அல்ல என்று காரணம் காட்டி அவை பின்னர் ரத்து செய்யப்பட்டன. இந்த மக்களுடன் நின்று பணியாற்றி வந்தவர்கள் யார் தெரியுமா? வின்சென்ட் தே பவுல் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபைச் சகோதரிகள். நாள்காட்டி நமக்காக வேலை செய்கிறது என்று சொன்னோமே, அது இதைத்தான்.

சரி, பெருநிலத்தில் இல்லாத என்ன ஆபத்து தீவில் இருக்கிறது? கொடைக்கானலிலும் கூட்டம் இல்லையா என்று கேட்கலாம். கூட்டம் இருக்கிறது. ஆனால் கொடைக்கானலில் தண்ணீர் போதவில்லை என்றால் கீழேயிருந்து லாரி வரும். தீவுக்கு எங்கேயிருந்து வரும்?

தனுஷ்கோடிக்குப் போனவர்கள் பார்த்திருப்போம். இரண்டு பக்கமும் கடல், நடுவே மணல். அந்த மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். சுற்றிலும் உப்பு, நடுவில் இனிப்பு. பார்க்கிறவர்களுக்கு அது புதுமைபோல் இருக்கும். நடப்பது இதுதான். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் கனம் குறைவு, உப்பு நீர் கனம் அதிகம். கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றும்வரை ஊற்று தாங்கும். மோட்டார் போட்டு இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவரும். ஏறிய உப்பு சீக்கிரம் இறங்காது. உலகத்தின் மணல் தீவுகள், பவளத் தீவுகள் பலவற்றின் கதை இதுதான். பயணிக்கு மூன்று நாள் குளியல். அந்த மண்ணில் பிறந்தவளுக்கு அது ஆயுள் முழுவதற்குமான குடம்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது நமக்கெல்லாம் தெரியும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. இப்போது கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மீனவர் குடிசைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. சாலை வந்ததால் அந்தப் பெண்கள் பொரித்த மீன் விற்கிறார்கள், பிள்ளைகளுக்கு நாலு காசு வருகிறது. ஆகவே 'போகாதீர்கள்' என்று இங்கே யாரும் சொல்லவில்லை. போகிறவர் எப்படிப்பட்ட விருந்தாளி என்பதுதான் கேள்வி.

அதற்கு நம் விவிலியத்திலேயே ஒரு தீவு இருக்கிறது. திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி இரண்டு அதிகாரங்களை வீட்டில் எடுத்து வாசியுங்கள். 'நாங்கள்' என்று சொல்லிக்கொண்டே போகும் பயணக் கதை அது. புயலில் பதினான்கு நாள் அலைக்கழிந்து, கோதுமையைக் கடலில் கொட்டி, கப்பல் உடைந்து, பலகைகளைப் பிடித்துக்கொண்டு கரையேறுகிறார்கள். மொத்தம் 276 பேர். கைதிகள், படைவீரர்கள், மாலுமிகள். கரையேறிய பிறகுதான் அது மால்தா என்று தெரிகிறது. மழை, குளிர். முன்பின் தெரியாத இந்தக் கூட்டத்துக்குத் தீவு மக்கள் தீ மூட்டி வரவேற்கிறார்கள். தீவின் தலைவர் புப்பிலியு மூன்று நாள் விருந்து வைக்கிறார். மூன்று மாதம் கழித்து இவர்கள் புறப்படும்போது வழிக்குத் தேவையானதையெல்லாம் கொடுத்து அனுப்புகிறார்கள்.

மூன்று மாதம், 276 வயிறு! லூக்கா அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார். நம் வீட்டுத் தாய்மார்கள் தாண்டமாட்டார்கள். குளிர்காலத்துக்கென்று சேர்த்துவைத்த தானியம் யாருடைய குதிரிலிருந்து வந்திருக்கும்?

அந்த வரவேற்பின் நடுவே பவுல் செய்த ஒரு காரியத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பாம்பு கையைச் சுற்றியது நினைவிருக்கிறது. பாம்பு எங்கிருந்து வந்தது? பவுல் சுள்ளி பொறுக்கிக் கொண்டுவந்து தீயில் போட்டபோது, சூடு தாங்காமல் அதிலிருந்து வந்தது. கப்பல் உடைந்து நீந்திக் கரையேறிய மனிதர். கைதி. உட்கார்ந்து குளிர் காயலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் எழுந்து போய்ச் சுள்ளி பொறுக்குகிறார். மற்றவர் மூட்டிய தீயில் காய்கிறவர் தன் பங்குக்கு விறகு சேர்க்கிறார். பிறகு புப்பிலியுவின் தந்தை காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமாகக் கிடக்க, அவருக்காக இறைவனிடம் வேண்டிக் கைவைத்துக் குணமாக்குகிறார். தீவின் மற்ற நோயாளிகளும் வருகிறார்கள். கரையேறியவர்களால் தீவு இளைத்துப் போகவில்லை.

அதே மால்தா இன்று எப்படி இருக்கிறது? பவுல் கரையேறிய நாளைப் பிப்ரவரி 10-ஆம் தேதி இன்றும் பெருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். 2022 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே சென்று, பவுல் தங்கியதாக நம்பப்படும் குகையில் இறைவேண்டல் செய்தார். நாட்டின் பரப்பு 316 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஐந்து இலட்சத்துக்கு மேல். 2024-ஆம் ஆண்டில் வந்த பயணிகள் 35 இலட்சத்துக்கும் அதிகம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே கிடையாது. குடிநீரில் பாதிக்கு மேல் கடல்நீரை உப்பு நீக்கிப் பெறுகிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். கொமினோ என்ற குட்டித் தீவில் நீலக் காயல் ஒன்று உண்டு. கோடையில் பாறையே தெரியாத அளவுக்கு அங்கே நாற்காலியும் குடையும் போட்டு வாடகைக்கு விட்டார்கள். உள்ளூர் இளைஞர்கள் 2022-இல் அந்த நாற்காலிகளைத் தூக்கி ஓரமாக அடுக்கிவிட்டுப் போராடினார்கள். 2025 கோடையிலிருந்து முன்பதிவு முறை வந்திருக்கிறது. ஒரே நேரத்தில் 4,000 பேர் வரை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் குட்டித் தீவுக்கு இதுவும் அதிகம்தான் என்றே நமக்குப் படுகிறது. இருந்தாலும் தொடக்கம்.

பசிபிக் கடலில் பலாவு என்ற நாட்டில் இன்னொரு வழி தேடினார்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 18,000. 2015-இல் வந்த பயணிகள் அதைப்போல் எட்டொன்பது மடங்கு. 2017 டிசம்பரிலிருந்து, அங்கே வந்து இறங்குகிற ஒவ்வொருவரின் கடவுச்சீட்டிலும் ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்துகிறார்கள். பயணி அதில் கையெழுத்துப் போட வேண்டும். உறுதி கொடுப்பது அரசுக்கு அல்ல, பலாவு நாட்டுக் குழந்தைகளுக்கு. உங்கள் தீவைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். எழுதுவதிலும் அந்தப் பிள்ளைகள் உதவினார்கள். பவளத்துக்குக் கேடு செய்யும் வேதிப்பொருள்கள் கலந்த வெயில் களிம்புகளுக்கு 2020 முதல் அங்கே தடை. இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் என்று நினைக்க வேண்டாம். மீன் முட்டையிடும் காலத்தில் பவளத்திட்டில் யாரும் வலை போடக்கூடாது என்று ஊர்த் தலைவர்கள் தடை போடும் பழைய வழக்கம் அந்த மக்களிடம் உண்டு. 'புல்' என்று அதைச் சொல்வார்கள். பாட்டன் வைத்த கட்டுப்பாட்டைப் பேரன் கடவுச்சீட்டில் குத்துகிறான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. வரம்பு வைத்தால் விலை ஏறும். கட்டணம் வைத்தால் ஏழை வரமாட்டான். கடைசியில் அழகான இடமெல்லாம் பணக்காரருக்கு மட்டும் என்றாகிவிடக்கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாதோ சி' திருமடலிலும் இந்தக் கவலை இருக்கிறது: அழகான இடங்கள் தனியார் வேலிக்குள் போய்விடுவதால் மற்ற மக்கள் அவற்றை அனுபவிக்க முடியாமல் போகிறது என்று அவர் வருந்துகிறார். தீவுக்கு வேலி வேண்டும், ஆனால் அது செல்வரின் வாயிலாகவும் ஆகிவிடக்கூடாது. இதற்கு எளிய விடை நம்மிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். எத்தனை பேர், எவ்வளவு கட்டணம், எந்தக் கரையில் கட்டடம் என்று முடிவு செய்யும் மேசையில் படகோட்டியும் மீன் விற்கும் பெண்ணும் உட்கார்ந்திருந்தால் முடிவு வேறுமாதிரி வரும்.

தூர நாட்டுக் கதையாகவே பேசிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மன்னார் வளைகுடாவில் நமக்கும் 21 தீவுகள் இருந்தன. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்ததில், அலையைத் தடுக்கும் அரண் போய், தீவும் போயிற்று. அந்தச் சுண்ணாம்பில் யார் வீடு கட்டினார்கள்? பவளம் இப்போது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். ஆனாலும் விடுமுறைக்குப் போய்வரும் நம்மவர்கள் சிலர், கண்ணாடி அலமாரியில் வைக்க வெள்ளைப் பவளத் துண்டு ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவதை இன்னும் விடவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பங்கிலிருந்து பேருந்து ஏற்பாடு செய்யும் அன்பியங்கள் இப்போதே பேசத் தொடங்கியிருக்கும். தீவுப் பக்கம் போகிறவர்கள், தங்குமிடத்தில் அறை வாடகையைக் கேட்கும்போது கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்திலேயே விடை தெரிந்துவிடும். சாப்பாட்டை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போய் இலையையும் எச்சிலையும் மட்டும் அங்கே விட்டுவராமல், ஒரு வேளையாவது அந்தக் கரையின் பெண்களிடம் வாங்கிச் சாப்பிடுங்கள். பேரம் பேசாமல்.

திருப்பயணம் போகிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நினைக்கிறவர்கள் உண்டு. கச்சத்தீவுக்குப் போய்வந்தவர்களுக்கு உண்மை தெரியும். 285 ஏக்கர். குடியிருப்பவர் யாரும் இல்லை, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. தவக்காலத்தில் அந்தோனியார் திருவிழாவுக்கு இராமேசுவரம் பக்கமிருந்தும் யாழ்ப்பாணம் பக்கமிருந்தும் படகுகளில் ஆயிரக்கணக்கில் இறங்குகிறோம். சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி. அரிசியும் தண்ணீரும் நாமே கொண்டுபோகிறோம். கொண்டுபோன உறைகளும் பாட்டில்களும் என்ன ஆகின்றன?

ஒருமுறை நமது படகில் வந்திருந்த வயதான பாட்டி ஒருவர், திருப்பலி முடிந்து எல்லாரும் கரைக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, கையில் அரிசிச் சாக்கு ஒன்றை வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். குனிவார், ஒரு பாட்டிலை எடுப்பார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார், சாக்கில் போடுவார். படகுக்காரர் கூப்பிட்டுப் பார்த்தார், பாட்டி திரும்பவில்லை. நம் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே, "என்ன பாட்டி, அந்தோனியாரு குடுத்த பிரசாதமா?" என்றான். பாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நாம போனப்பறம் அவரு ஒத்தையில இருப்பாருடா. அவருக்கு யாரு கூட்டிப் பெருக்குவா?" என்றார்.

அவன் பிறகு ஒன்றும் பேசவில்லை. போய் இன்னொரு சாக்கு வாங்கிவந்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் இறங்கினார்கள். படகு கிளம்ப அரைமணி நேரம் தாமதம். கிளம்பியபோது சாக்குகளுக்கும் இடம் வேண்டியிருந்தது. நாமெல்லாம் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டோம்.